பூட்டிய அறைகளைத் திறக்கச் சொன்னவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஒரு கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரப்போகிறது என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பதும், நூலக அடுக்குகளைத் தூசி தட்டுவதும், பதிவேடுகளுக்குப் புது அட்டை போடுவதும் நாடறிந்த வழக்கம். வருகிறவர்களும் பெரும்பாலும் பேராசிரியர்களே. இன்று பார்க்க வருகிறவரின் கல்லூரியை நாளை வேறொருவர் பார்க்கப் போவார். ஆகவே கடுஞ்சொல் எழுதக் கை சற்றுத் தயங்குவது இயற்கை. நம் நாட்டில் இப்பணிக்கென்றே தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்று மன்றம் 1994ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதற்கு 84 ஆண்டுகள் முன்னதாகவே அமெரிக்காவில் ஒரு தனிமனிதர், ஒரு நாட்டின் மருத்துவக் கல்லூரிகள் அனைத்தையும், பக்கத்து நாடான கனடாவின் கல்லூரிகளையும் சேர்த்து, நேரில் சென்று பார்த்து, கண்டதைக் கண்டபடி கல்லூரியின் பெயருடன் அச்சிட்டு வெளியிட்டார். அவர் மருத்துவர் அல்லர். அறிவியல் பட்டதாரியும் அல்லர். இலத்தீனும் கிரேக்கமும் கற்றுக் கொடுத்த பள்ளி ஆசிரியர். அவர்தாம் ஆபிரகாம் பிளெக்ஸ்னர்.

அந்த அறிக்கையின் பொருட்டே அவர் வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தேன். ஆனால் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அறிக்கையன்று. அவர் பிறந்த வீடு.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் 1866ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஆறாமவர். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதர்கள். தந்தை மூட்டை சுமந்து ஊர் ஊராகப் பொருள் விற்றவர். பிறகு தொப்பி வணிகத்தில் சற்றே தலைதூக்கினார். 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவைப் புரட்டிப் போட்ட பணநெருக்கடி அந்த வணிகத்தையும் விழுங்கிவிட்டது. அப்போது ஆபிரகாமுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. பள்ளிப் படிப்புடன் நூலகம் ஒன்றில் வேலையும் பார்த்தார். அங்கே கிடைத்த ஓய்வு நேரமெல்லாம் அவருக்குப் படிப்பு நேரமாயிற்று.

மூத்த அண்ணன் ஜேக்கப் மருந்துக் கடை வைத்திருந்தார். அவர் தம் சேமிப்பை எடுத்து, தம்பி கல்லூரிக்குப் போகட்டும் என்று கொடுத்தார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை ஆபிரகாமே. 1884ஆம் ஆண்டில், பதினேழு வயதில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையிலிருந்த பணம் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் காணும். ஆகவே பட்டப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்துக்கொண்டு 1886ஆம் ஆண்டில் ஊர் திரும்பினார். அறிவுக் கூர்மையால் விரைந்து முடித்தார் என்று பாராட்டுவோர் உண்டு. பணம் தீர்ந்துவிடும் என்ற அச்சம் ஒருவனை எவ்வளவு விரைவாகப் படிக்க வைக்கும் என்பது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

ஊர் திரும்பியவர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். சம்பளம் வீட்டுக்குப் போயிற்று. அண்ணன் தமக்குச் செய்ததை அவர் உடன்பிறந்தவர்களுக்குச் செய்தார். சகோதரர் சைமனை ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு அனுப்பினார். தங்கை மேரியையும் கல்லூரியில் படிக்க வைத்தார். சைமன் பிற்காலத்தில் நோய்க்குறியியலில் பெரும்புகழ் பெற்று, ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். நுண்ணுயிரியல் மாணவர்கள் சீதபேதிக் கிருமிகளில் ஒன்றை ஷிகெல்லா பிளெக்ஸ்னரி என்று படிக்கிறார்களே, அந்தப் பெயர் இந்தச் சைமனுடையது.

ஆசிரியராக இருந்தபோதே ஆபிரகாமின் குணம் வெளிப்பட்டுவிட்டது. ஒரு முறை தம் வகுப்பு மாணவர் அனைவரையும் தேர்ச்சி இல்லை என்று நிறுத்திவிட்டார். ஊரே கொதித்தது. பள்ளிக் குழு விசாரித்தது. முடிவில் ஆசிரியர் பக்கமே நின்றது. 1890ஆம் ஆண்டில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். அப்பள்ளியில் தேர்வு கிடையாது, மதிப்பெண் பட்டியல் கிடையாது, கட்டாய விதிகளும் கிடையாது. ஒரு வகுப்பையே நிறுத்தி வைத்தவர் தேர்வே இல்லாத பள்ளி நடத்தினாரா என்று கேட்கத் தோன்றும். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. பொய்த் தேர்ச்சியைப் பிடிக்காதவருக்கு வெறும் மதிப்பெண்ணும் பிடிக்கவில்லை. அப்பள்ளி மாணவர்கள் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே ஹார்வர்டில் சேர்ந்து நன்றாகப் படிப்பதைக் கண்டு, ஹார்வர்டின் தலைவர் எலியட்டே இது என்ன பள்ளி என்று விசாரித்தார்.

பதினைந்து ஆண்டுகள் பள்ளி நடந்தது. அவர் மணந்துகொண்ட ஆன் கிராஃபோர்டு நாடக ஆசிரியை. அவர் எழுதிய நாடகம் ஒன்று மேடையில் பெருவெற்றி பெற, குடும்பத்திற்குக் கைப்பிடிப்புக் கிடைத்தது. 1905ஆம் ஆண்டில் பள்ளியை மூடிவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் பிளெக்ஸ்னர் மீண்டும் மாணவரானார். முதலில் ஹார்வர்டு, பிறகு பெர்லின். 1908ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளின் குறைகளைச் சுட்டி ஒரு சிறுநூல் எழுதினார். அது பெரிதாக விற்கவில்லை. ஆனால் படிக்க வேண்டிய ஒருவர் படித்தார். கல்வி முன்னேற்றத்துக்கான கார்னகி அறக்கட்டளையின் தலைவர் ஹென்றி பிரிட்செட் என்பவரே அவர்.

அந்நாளைய அமெரிக்க மருத்துவக் கல்வியின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் நான்கைந்து மருத்துவர்கள் கூடி ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடிப்பார்கள். கல்லூரி என்று பலகை மாட்டுவார்கள். மாணவர் கட்டணத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்வார்கள். உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவரும் பணம் கட்டினால் சேரலாம். ஆய்வுக்கூடத்திற்குச் செலவிட்டதைவிட விளம்பரத்திற்குக் கூடுதலாகச் செலவிட்ட கல்லூரிகள் இருந்தன. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே மருத்துவராகி வெளியே வந்தவர்களும் இருந்தார்கள். இந்தக் கேடு மருத்துவர்களுக்குத் தெரியாததன்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1904ஆம் ஆண்டில் ஒரு கல்விக் குழுவை அமைத்து, கல்லூரிகளைப் பார்வையிட்டு மூன்று தரமாகப் பிரித்தும் வைத்திருந்தது. ஆனால் ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரைப் பொதுமக்கள் முன் பழிப்பது தொழில் மரபன்று என்பதால் அந்தக் கணிப்பைப் பெயர் சொல்லி வெளியிட அவர்களால் இயலவில்லை. வெளியார் ஒருவர் தேவைப்பட்டார்.

பிரிட்செட் பிளெக்ஸ்னரை அழைத்தார். தம்மைச் சைமன் என்று தவறாக எண்ணிவிட்டாரோ என்று பிளெக்ஸ்னருக்கு ஐயம். தாம் மருத்துவர் அல்லர், மருத்துவக் கல்லூரிக்குள் காலடிகூட வைத்ததில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதனால்தான் உங்களை அழைத்தேன் என்பது போலிருந்தது பிரிட்செட்டின் விடை. கல்லூரியை ஒரு கல்விக்கூடமாகப் பார்க்கக் கல்வியாளர் போதும் என்பது அவர் கருத்து.

பிளெக்ஸ்னர் உடனே புறப்பட்டுவிடவில்லை. கிடைத்த நூல்களையும் மருத்துவச் சங்கத்தின் குறிப்புகளையும் படித்தார். பிறகு, தாம் படித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1893ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளிக்குச் சென்று, நல்ல கல்லூரி எப்படி இருக்கும் என்பதைப் பார்த்துக்கொண்டார். பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்ட பள்ளி அது. தனக்கென்று மருத்துவமனையும் ஆய்வுக்கூடங்களும் உடையது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் 155 கல்லூரிகளைப் பார்த்து முடித்தார்.

அவர் கேட்டவை சிலவே. மாணவனைச் சேர்க்க என்ன தகுதி கேட்கிறீர்கள், சொல்கிறபடி கேட்கிறீர்களா? ஆசிரியர் எத்தனை பேர், அவர்களுடைய பயிற்சி என்ன? பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? ஆய்வுக்கூடம் எப்படி இருக்கிறது? மருத்துவமனையில் மாணவனுக்கு உரிமை உண்டா, அல்லது எட்ட நின்று பார்க்கிறானா? இவற்றுக்கு விடை காண மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அலுவலகத்தில் மாணவர் சான்றிதழ்களை எடுத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். பல கல்லூரிகளின் அறிவிப்பு ஏடு ஒன்று சொல்ல, அலுவலகத்துத் தாள்கள் வேறொன்று சொல்லின.

மேற்குப் பகுதியில் ஒரு கல்லூரி முதல்வரிடம் உடலியங்கியல் ஆய்வுக்கூடம் உண்டா என்று கேட்டார். உண்டே, மாடியில் இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்று சென்ற முதல்வர் நாடித் துடிப்பைக் கோடாக வரையும் சிறு கருவி ஒன்றைக் கையில் எடுத்து வந்தார்! டி மாயின் நகரத்தில் எலும்பு மருத்துவம் கற்பித்த ஒரு கல்லூரியில் நடந்தது இன்னும் சுவையானது. ஒவ்வொரு கதவிலும் உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் என்று பெயர் எழுதியிருந்தது. எல்லாம் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருக்கும் ஊழியரைக் காணோம் என்றார் முதல்வர். பிளெக்ஸ்னர் நன்றி சொல்லிவிட்டுப் புகைவண்டி நிலையத்திற்குப் போனார். முதல்வர் வழியனுப்பிவிட்டு மறைந்ததும் கல்லூரிக்குத் திரும்பி வந்தார். ஊழியரைக் கண்டுபிடித்து, ஐந்து டாலர் கொடுத்து அறைகளைத் திறக்கச் சொன்னார். ஒவ்வோர் அறையிலும் ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு சிறு கரும்பலகை. அவ்வளவுதான்.

இத்தனை தாராளமாக ஏன் உள்ளே விட்டார்கள்? கார்னகியின் பெயரால் வருகிறவர் பின்னால் கார்னகியின் பணமும் வரும் என்று பலர் நம்பினார்கள். பணம் வேண்டுமானால் குறையைச் சொல்லத்தானே வேண்டும்! ஆகவே குறைகளையும் கூசாமல் சொன்னார்கள். பிளெக்ஸ்னர் எழுதியதை அச்சிடுமுன் அந்தந்தக் கல்லூரிக்கு அனுப்பி, தகவல் பிழை இருந்தால் திருத்தச் சொன்னார்கள் என்பதையும் மறக்கலாகாது. சில ஊர்களில் சில மணி நேரமே இருந்தார் என்ற குறையை அவர்மேல் சொன்னவர்கள் உண்டு. அது உண்மையும்கூட. வெற்று அறையை வெற்று அறை என்று காண அதற்குமேல் நேரம் எதற்கு என்பது அவர் கட்சி.

1910ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. 155 கல்லூரிகளை 31ஆகக் குறைக்க வேண்டும்; ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மருத்துவர்கள் வெளிவந்தால் போதும் என்றார். அமெரிக்காவில் 568 பேருக்கு ஒரு மருத்துவர் என்ற கணக்கு இருந்தது; செருமனியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு ஒருவர்தாம். குறைவாக இருந்தாலும் நல்ல மருத்துவராக இருக்கட்டும் என்பதே அவர் வாதம். கனடாவின் மெக்கில், டொராண்டோ கல்லூரிகளைப் பாராட்டினார். 14 மருத்துவக் கல்லூரிகள் இருந்த சிகாகோவை நாட்டிலேயே மிகக் கேடான இடமாக எழுதினார். ஒரு கல்லூரி 1,50,000 டாலர் மானநட்ட வழக்கை எழுப்பியது. சிகாகோவில் தலைகாட்டினால் சுட்டுவிடுவோம் என்று பெயரில்லாக் கடிதம் வந்தது. அவர் சிகாகோவுக்குப் போய்ப் பேசிவிட்டே திரும்பினார்.

கல்லூரிகள் விழத் தொடங்கின. சில மூடின; சில ஒன்றோடொன்று இணைந்தன. 1920ஆம் ஆண்டில் 85ஆகவும், 1935ஆம் ஆண்டில் 66ஆகவும் எண்ணிக்கை சுருங்கியது. இந்தச் சரிவு அவருக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாநில உரிமக் குழுக்கள் கடுமையாகி வந்தன. ஆய்வுக்கூடச் செலவு ஏறிவந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பின்னின்று தள்ளியவர் அவர். ஆனால் பலமாகத் தள்ளினார்.

இனி நான் அவரோடு சற்று மல்லுக்கு நிற்க வேண்டிய இடம் வருகிறது. சிறு கல்லூரிகளின் ஆசிரியர்கள் அவருக்கு எதிராக ஒரு வாதத்தை வைத்திருந்தார்கள். எங்கள் கல்லூரிகளை மூடிவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கே போய் மருத்துவம் படிப்பான் என்பதே அது. பிளெக்ஸ்னர் அதைத் தயவின்றி உடைத்தார். ஏழைப் பையன் என்ற பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கட்டணம் வாங்கித் தின்கிறார்கள் என்றார். தகுதியில்லாத மருத்துவரிடம் போய்ச் சாகிறவர்களும் ஏழைகளே அல்லவா என்ற கேள்வி அவர் வாதத்தின் அடியில் இருந்தது. அக்கேள்விக்கு எதிராக என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. போலிக் கல்லூரி ஏழை மாணவனுக்குச் செய்யும் உதவி, பசித்தவனுக்குப் பழுதான சோறு இடுவதற்கு ஒப்பானது. ஆயினும், பழுதான சோற்றைக் கொட்டிய பிறகு நல்ல சோற்றுக்கு வழி சொன்னாரா என்று தேடிப் பார்க்கிறேன். நல்ல கல்லூரிகளுக்குப் பணம் வேண்டும் என்று விரிவாக எழுதியவர், அக்கல்லூரியில் ஏழை சேர்வதற்கு அதே அளவுக்கு வழி சொல்லவில்லை. அவருக்கு ஒரு ஜேக்கப் இருந்தார். மருந்துக் கடை அண்ணன் எல்லார் வீட்டிலும் இருப்பதில்லை. படிப்பின் காலமும் செலவும் கூடக் கூட, மருத்துவம் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் கைக்கே போயிற்று. சிற்றூர்களில் மருத்துவர் கிடைக்கவில்லை என்ற முறையீடு 1920களிலேயே எழுந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அப்போது கறுப்பின மாணவர்களுக்கென்று ஏழு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. மற்றக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. வாஷிங்டனில் இருந்த ஹோவர்டு, நாஷ்வில்லில் இருந்த மெஹாரி ஆகிய இரண்டை மட்டும் வளர்த்தால் போதும் என்றார் பிளெக்ஸ்னர். மற்ற ஐந்தும் 1923ஆம் ஆண்டுக்குள் மூடப்பட்டன. அவற்றுள் ஒன்று அவர் பிறந்த லூயிவில் நகரத்திலேயே இருந்தது. 1912ஆம் ஆண்டில் மூடியது. கறுப்பின மருத்துவர் தம் இனத்தாருக்கே வைத்தியம் பார்க்க வேண்டும், அவர்களுக்குச் சுகாதாரம் கற்பிக்க வேண்டும், இல்லையேல் நோய் வெள்ளையரையும் தொற்றும் என்ற போக்கில் எழுதினார். வெள்ளையர் கல்லூரி மூடினால் அம்மாணவன் பக்கத்து ஊருக்குப் போகலாம். கறுப்பின மாணவனுக்குப் பக்கத்து ஊர் ஏது? வெற்று அறையைக் கண்ட கண்ணுக்கு, அந்த அறை ஏன் வெறுமையாய் இருந்தது என்பது தெரியவில்லை. அந்த ஐந்து கல்லூரிகளும் தொடர்ந்து நடந்திருந்தால் 2019ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 35,000 பேர் கூடுதலாகப் பட்டம் பெற்றிருக்கக் கூடும் என்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம், மருத்துவக் கல்விக்காகத் தான் வழங்கிவந்த உயரிய விருதிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டது. பிளெக்ஸ்னர் பிற்காலத்தில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவில் பணியாற்றியதையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்து விடை காண எனக்கு மனமில்லை.

அறிக்கைக்குப் பிறகு அவர் வாழ்க்கை ஏறுமுகமே. 1912ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருத்துவக் கல்வி பற்றிய அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு ராக்ஃபெல்லரின் பொதுக் கல்வி வாரியத்தில் சேர்ந்தார். குறை சொன்னவர் கையிலேயே குறை தீர்க்கும் பணமும் வந்தது. இது எல்லா மதிப்பீட்டாளருக்கும் வாய்ப்பதன்று. மருத்துவப் பேராசிரியர் தனித்தொழில் பார்க்காமல் முழுநேரமும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்கென்று ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு 1913ஆம் ஆண்டில் 15 இலட்சம் டாலர் வழங்கப்பெற்றது. புகழ்பெற்ற மருத்துவர் ஆஸ்லர் இத்திட்டத்தை எதிர்த்தார். நோயாளிகளை விட்டு விலகி ஆய்வுக்கூடத்துக்குள் அடைந்துகொள்ளும் ஆசிரியர்கள் உருவாவார்கள் என்பது அவர் கவலை. அக்கவலை வீண் என்று தள்ளிவிட முடியாது.

1930ஆம் ஆண்டில் அமெரிக்கா, இங்கிலாந்து, செருமனி ஆகிய மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கொலம்பியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழிப் பாடங்களையும் விளம்பரக் கலைப் பாடங்களையும் விற்பதாக அதில் சாடினார். அஞ்சல்வழியில் பட்டம் பெற்று ஆசிரியரான பெண்களை எங்கள் பக்கத்தில் நான் அறிவேன். இந்த ஓரிடத்தில் பிளெக்ஸ்னர் என் கட்சியில் இல்லை.

அக்காலத்தில், பம்பர்கர் என்ற வணிகரும் அவர் தங்கையும் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க எண்ணி அவரிடம் யோசனை கேட்டார்கள். அவர் அவர்களைப் பேசித் திருப்பி, பட்டமும் தேர்வும் இல்லாத உயராய்வுக் கழகம் ஒன்றைப் பிரின்ஸ்டனில் நிறுவச் செய்தார். தாம் லூயிவில்லில் நடத்திய பள்ளியை வேறோர் அளவில் மீண்டும் நடத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐன்ஸ்டைன் 1933ஆம் ஆண்டில் அங்கே வந்து சேர்ந்தார். தமக்கு 3,000 டாலர் போதுமா என்று அவர் கேட்டதற்கு, பிளெக்ஸ்னர் அதைப் போல் பல மடங்கு கொடுத்தார். ஆனால் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஐன்ஸ்டைனை விருந்துக்கு அழைத்தபோது, ஐன்ஸ்டைனைக் கேளாமலே வரமாட்டார் என்று மறுமொழி சொன்னவரும் இவரே. வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பேராசிரியர்களுடன் பிணக்கு முற்றி 1939ஆம் ஆண்டில் அவர் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். பயன் கருதாத அறிவே பெரும்பயன் தருகிறது என்று அவர் எழுதிய கட்டுரை வெளிவந்ததும் அந்த ஆண்டில்தான். மறு ஆண்டில் தன் வரலாறு வந்தது.

எண்பது வயதைக் கடந்தபின் மீண்டும் வகுப்பில் போய் உட்கார்ந்தார். தாம் அவ்வளவு சாடிய கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே, பேரப்பிள்ளை வயதுடைய மாணவர்களோடு பாடம் கேட்டார். 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.